ஒரே ஒரு சம்பா

என் கணவர் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். கடைசி நாளில் மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, தஞ்சாவூரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். "இனிமே ராஜா மாதிரி இருங்க" என்றார் கூட வந்த அதிகாரி. ராஜாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தன. தார் ரோட்டில் நின்று நின்று நரம்பு சுருண்டு, கணுக்காலுக்கு மேல் ஆறாத புண்.

ஒரத்தநாடு பக்கம் குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் நிலத்தில் தானே சம்பா போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போட்டார். ஆனால் புண்ணோடு சேற்றில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடவு அன்று வரப்பில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இங்கயும் பந்தோபஸ்தா?" என்று நடவு நட்ட பெண் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

கதிர் வெளிவரும் முன்பே, மடை திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி இப்படி வலி வந்திருக்கா?" என்று கேட்டார்.

"சர்வீஸ்ல இருக்கும்போதே வரும் சார். திருவிழா நேரத்துல லீவு கேட்டா திட்டுவாங்க. வாயு மாத்திரை போட்டுக்கிட்டு நிப்பேன்."

என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. டாக்டருக்குச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் போய்விட்டார். ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

துக்கம் கேட்க அவரோடு வேலை பார்த்த ஏட்டு ஒருவர் வந்தார். "ஓடி ஓடி வேலை பாத்த ஒடம்பு அண்ணி, சும்மா இருந்தா தாங்காது. நம்ம ஆளுங்க நெறைய பேரு ரிட்டையரானதும் இப்படித்தான் போயிடுறாங்க" என்றார்.

"சும்மா இருந்து சாகல தம்பி. நீங்கள்லாம் எடுத்தது போக மிச்சத்தத்தான் எங்கிட்ட அனுப்புனீங்க."

அவர் காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

தை மாதம் அறுப்பு மெஷின் இறங்கியது. நல்ல விளைச்சல் என்றார்கள். வீட்டுக்கு எத்தனை மூட்டை அனுப்ப என்று கேட்ட பழைய குத்தகைக்காரரிடம், ஒரு மணிகூட வேண்டாம், மொத்தத்தையும் விற்றுவிடுங்கள் என்றேன்.