டிரைவர் சைடா, கிளீனர் சைடா? பென்னலூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போன ஹெட்லைட்

இந்தப் பதிவில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நோட்டில் குறித்து வைத்தேன். நான் செய்த தவறையும் குறித்திருக்கிறேன். அதை விட்டுவிட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை.

நான் வாலாஜாபாத்தில் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். என் சித்தி மல்லிகா பென்னலூரில் பழைய கார், வேன் பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். விபத்தில் நசுங்கிய வண்டிகளை வாங்கிப் பிரித்து, நல்லதாக இருக்கும் பாகங்களைச் சோதித்து, கேட்கிற ஊருக்கு அனுப்புவதுதான் தொழில். காலாண்டு விடுமுறையில், "உன் கையெழுத்து அழகாகீது, வந்து லேபிள் எழுதிக் குடு" என்று கூப்பிட்டார். கடைசி சனிக்கிழமை போனேன். இந்தப் பக்கத்திலிருந்து பாகம் வாங்கலாமா, நேரில் போய்ப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் குறிப்புகள் உதவும்.

காலை 6.50க்கு வாலாஜாபாத்தில் பஸ் ஏறினேன். ஒரகடம் வர 7.40. டிக்கெட் 22 ரூபாய். ஷிப்ட் மாறும் நேரம் என்பதால் ஒரகடம் சந்திப்பில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாக நின்றன. நான் இருபத்தாறு வரை எண்ணினேன், அதற்குள் என் அடுத்த பஸ் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கு 15 ரூபாய், அங்கிருந்து பென்னலூருக்கு ஷேர் ஆட்டோவில் 20 ரூபாய். கடையை அடைந்தபோது மணி 8.45. ஜன்னலோர இடம் வேண்டுமானால் இதைவிட முன்னால் கிளம்புங்கள். எனக்குக் கம்பிதான் கிடைத்தது.

கடையைப் பார்த்ததும் எனக்கு நூலகம் நினைவுக்கு வந்தது. கதவுகள் ஒரு வரிசை, கண்ணாடிகள் ஒரு வரிசை, விளக்குகள் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண். பேரேட்டைத் திறந்தால் அந்த எண்ணுக்கு நேரே, எந்த வண்டியிலிருந்து எடுத்தது, என்ன குறை என்று இருக்கும். 'ஒரு கிளிப் உடைந்தது', 'ஓரத்தில் கீறல்' என்று குறையைத்தான் சித்தி முதலில் எழுதுகிறார். வாங்குபவரிடமும் அதைத்தான் முதலில் சொல்கிறார்.

பேக்கிங்கை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் வந்திறங்கும் அட்டைப்பெட்டி, தெர்மாகோல் எல்லாம் பிறகு பழைய பொருள் கடைக்கு எடைக்குப் போகின்றன. சித்தி அவற்றை அங்கே வாங்குகிறார். ஹெட்லைட் என்றால், தடித்த தெர்மாகோல் பலகையில் அதன் வெளிவடிவத்தை வரைந்து, மறுபக்கம் வரை வெட்டி எடுத்து, அந்தப் பள்ளத்தில் விளக்கைப் படுக்க வைப்பார். மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை. குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. கியர் பெட்டியானால் எண்ணெயை முழுக்க வடித்துத் துடைத்த பிறகுதான் கட்டுகிறார். ஒரு சொட்டுக் கசிந்தாலும் பார்சல்காரர்கள் திருப்பி விடுவார்களாம்.

பதினொரு மணிக்குச் சித்தி தண்டலத்தில் ஒரு வண்டியைப் பார்த்து வரக் கிளம்பினார். போன் என் பொறுப்பு. 11.25க்குக் கோவில்பட்டியிலிருந்து சுடலைமுத்து என்பவர் அழைத்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். ரிவர்ஸில் வந்த ஒரு லாரி வேனின் முன்பக்கத்தில் உரசி, ஒரு ஹெட்லைட் நொறுங்கிவிட்டது.

"தாயி, திங்கக்கெழம காலைல எஃப்.சி. காட்டணும். அன்னைக்கோட முடியுது. செவ்வாக்கெழம பள்ளிக்கூடம் தொறக்காவ. லைட் இல்லன்னா பாஸ் பண்ண மாட்டாவ. எஃப்.சி. இல்லாத வேன கேட்டுக்குள்ளயே விட மாட்டாவ. எனக்குப் பதிலா ஓட்ட இன்னொருத்தன் ரெடியா நிக்கான், பாத்துக்க."

எஃப்.சி. என்பது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று அரசு தரும் சான்று. புது விளக்கு 5,400 ரூபாயாம், அதுவும் வர ஒரு வாரம் ஆகுமாம். எங்களிடம் 1,600. "எந்தப் பக்கம் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "வலது பக்கம் தாயி" என்றார். படம் பிறகு அனுப்புவதாகச் சொன்னார், வண்டி ஷெட்டில் இருந்தது. நானும் வற்புறுத்தவில்லை. தாளில் அழகாக எழுதினேன்: 'வலது பக்க முகப்பு விளக்கு, கோவில்பட்டி, மிக அவசரம்.'

மதியம் சித்தி வந்தார். தாளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "முகப்பு விளக்கா? பரீட்சைக்கா எழுதியிருக்கே?" ஆனாலும் வலது பக்க விளக்கை எடுத்து, பேட்டரியில் ஒயரைத் தொட்டு எரிய வைத்துப் பார்த்து, பேக் செய்தார். ஒரு கிளிப் இல்லை என்பதை அவரே போன் செய்து சொன்னார்.

எப்படி அனுப்புவது? சித்தி மூன்று வழிகளையும் எனக்கு விளக்கினார். கூரியரில் பெட்டியின் அளவைப் பார்த்து 780 ரூபாய் கேட்டார்கள், வர மூன்று நாள். லாரி பார்சலில் 260, ஆனால் நான்கைந்து நாள். மூன்றாவது வழிதான் என்னை வியக்க வைத்தது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை செய்கிறவர்கள், மாதம் இரண்டு சனிக்கிழமை தாங்களே ஒரு பஸ் பிடித்து ஊருக்குப் போகிறார்கள். மாலை 6.45க்குக் கிளம்பினால் விடியும்போது கோவில்பட்டி. பார்சலுக்கு 150 ரூபாய், அது பஸ்ஸில் எல்லோருடைய டீச் செலவுக்கும் போகிறது. இறங்குகிற இடத்தில் வாங்குபவர் வந்து கையிலேயே பெற்றுக்கொள்ளலாம்.

5.10க்கு தேவராஜ் அண்ணனின் குட்டியானை என்கிற சின்ன லாரியில் கிளம்பினோம். அவர் உள்ளூர்க்காரர், சித்தி கடைச் சாமான்களை ஏற்றி இறக்குகிறவர். ஒரகடத்துக்குப் பதினாறு கிலோமீட்டர். சித்தி கடையைப் பார்த்துக்கொள்ள, நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா பாப்பா, கொழந்தய வெச்சிகினு வர மாதிரி வர? பின்னாடிதான் எடம் கீதே."

"குலுங்கும் அண்ணா."

"ரோடு போட்டவன்கிட்ட சொல்லு. நான் இன்னா பண்றது?"

தூறல் விழுந்து இருட்டிக்கொண்டு வந்தது. எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டிருந்தன. ஒன்பதாவது கிலோமீட்டரில், எதிரே ஒரு வேன் ஒற்றை விளக்கோடு வந்தது. என் வலது கைப் பக்கமாக இருந்த விளக்கு எரியவில்லை.

"பாத்தியா, கிளீனர் சைடு லைட்டு பூட்ச்சு. பைக்குன்னு நெனச்சி எவனாவது போய் வுடப் போறான்" என்றார் தேவராஜ் அண்ணன்.

"வலது பக்கம்தானே அண்ணா எரியல?"

"உனுக்குத்தான் வலது. வண்டிக்கு எடது. இந்தக் கொயப்பம் வேணாம்னுதான் டிரைவர் சைடு, கிளீனர் சைடுன்றது. டிரைவர் எடம் மாறி குந்துவானா?"

லாரியில் டிரைவருக்கு இடப்பக்கம் கிளீனர் உட்கார்வார். வேனில் கிளீனரே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்துக்குப் பெயர் அதுதான். காலையிலிருந்து கடையில் இருபது முறையாவது அந்தச் சொல்லைக் கேட்டிருப்பேன். பேச்சு வழக்கு என்று விட்டுவிட்டு, தாளில் நல்ல தமிழில் எழுதினேன். சுடலைமுத்து அண்ணாச்சி சொன்ன வலது யாருடைய வலது? மணி 5.41.

உடனே போன் செய்தேன். "அண்ணாச்சி, வலது பக்கம்னு சொன்னீங்களே, அப்ப சீட்ல உக்காந்திருந்தீங்களா, வண்டிக்கு முன்னால நின்னீங்களா?"

"முன்னாலதான் நின்னேன். ஏன் தாயி?"

"உடைஞ்சது டிரைவர் சைடா, கிளீனர் சைடா?"

"கிளீனர் சைடு. அதத்தான சொன்னேன்?" என்றவர் மெதுவாகக் கேட்டார். "மாத்தி அனுப்பிட்டியளா?"

"இன்னும் அனுப்பல அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து சித்திக்கு. அவர் திட்டவில்லை. "அந்த வண்டியோட கிளீனர் சைடும் ரேக்குல கீது. அங்கியே நில்லுங்க, நான் வரேன்" என்று வைத்துவிட்டார். தேவராஜ் அண்ணன் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினார். எனக்கும் டீ சொன்னார், குடிக்க முடியவில்லை. எங்களைக் கடந்து கம்பெனிப் பேருந்துகள் போய்க்கொண்டே இருந்தன. பதினான்கு பிள்ளைகள் ஏறும் வேன் என்று சுடலைமுத்து அண்ணாச்சி காலையில் சொன்னது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

6.14க்குச் சித்தியின் ஸ்கூட்டர் வந்தது. முன்னால் கால் வைக்கும் இடத்தில், துப்பட்டாவில் சுற்றிய விளக்கு.

"எரிஞ்சுதா சித்தி?"

"பாக்காம எடுத்துகினு வருவனா? ரெண்டு நிமிசம் அதுக்குத்தான் போச்சு."

பெட்டியைப் பிரித்தோம். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. தெர்மாகோல் பள்ளம் டிரைவர் சைடு விளக்குக்காக வெட்டியது. கிளீனர் சைடு விளக்கு அதற்கு எதிர்வடிவம். கூர்முனை அந்தப் பக்கம், அகன்ற முனை இந்தப் பக்கம். உள்ளே போகவில்லை. வெட்டக் கத்தியும் இல்லை. "துணி சுத்தி அனுப்பலாமா?" என்றார் தேவராஜ் அண்ணன். "ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல. தூளாய்டும்" என்றார் சித்தி.

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் வரைந்த வலது கையைத் தாளின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் இடது கையாகத் தெரியும். பள்ளம் மறுபக்கம் வரை வெட்டியதுதானே?

"சித்தி, பலகையைத் திருப்பிப் போடுங்க!"

திருப்பினார். விளக்கு அளவெடுத்ததுபோல உள்ளே உட்கார்ந்தது. சித்தி என்னை ஏறிட்டுப் பார்த்தார். "தப்பு பண்ண மூளையும் அதே மூளைதானாடி?" என்று சொல்லி, டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினார். லேபிளில் 'வலது' என்பதை அடித்துவிட்டு, தேவராஜ் அண்ணன் வண்டி விளக்கு வெளிச்சத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: கிளீனர் சைடு. மணி 6.21.

மீதி ஏழு கிலோமீட்டரை எப்படிக் கடந்தோம் என்று தேவராஜ் அண்ணனைத்தான் கேட்க வேண்டும். நான் பெட்டியையும் கண்ணையும் இறுக்கிப் பிடித்திருந்தேன். ஒரகடம் சந்திப்புக்கு 6.42க்கு வந்தோம். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படிக்கட்டில் சீட்டுப் பட்டியலோடு நின்றவர் பேச்சியம்மாள் அக்கா. ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் வேலை செய்கிறார், இந்த பஸ்ஸை ஏற்பாடு செய்கிறவரும் அவர்தான்.

"இன்னும் மூணு நிமிசம் பாத்துட்டு விட்டுட்டுப் போயிருப்போம், பாத்துக்க. ஓடி வந்த மாதிரி மூச்சு வாங்குதே, நீயா வண்டிய இழுத்துட்டு வந்த?" என்றார்.

"கண்ணாடிப் பொருள் அக்கா. மேல எதையும் வைக்கக் கூடாது."

"என் சீட்டுக்கு அடியிலதான் வைப்பேன். இதுக்கு மேல நான்தான் உக்காருவேன், அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியே?" பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. 6.45க்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிறு காலை 5.50க்கு, விளக்கு கைக்கு வந்துவிட்டதாக அண்ணாச்சி சொன்னார். நான் பட்ட பாட்டிலிருந்து, வாங்குபவர்களுக்குச் சொல்ல விரும்புவது இவைதான். போனில் இடது, வலது என்று சொல்லாதீர்கள். டிரைவர் சைடு, கிளீனர் சைடு என்று சொல்லுங்கள். உடைந்த பாகத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், வண்டி முழுதாகத் தெரியும்படி ஒன்று, அருகில் ஒன்று. என்ன குறை இருக்கிறது என்று நீங்களே கேளுங்கள். மறைக்காமல் சொல்கிற கடையில் வாங்குங்கள். விளக்கு என்றால் எரிய வைத்த வீடியோ கேட்கலாம். கனமான இரும்புக்கு லாரி பார்சல், கண்ணாடிக்கு நேர் பஸ். அவசரம் என்றால் உங்கள் ஊர்க்காரர்கள் ஒரகடம் பக்கம் வேலை செய்கிறார்களா என்று விசாரியுங்கள். நிச்சயம் யாராவது இருப்பார்கள். நேரில் வருகிறவர்கள் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை இந்தச் சாலையில் அவசர வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம், இங்கே புது வண்டிகளும் பாகங்களும் மட்டும்தான் உருவாகின்றன என்று நினைத்திருந்தேன். உடைந்த வண்டியின் நல்ல கண்ணை எடுத்து, எங்கோ இருக்கும் இன்னொரு வண்டிக்குப் பொருத்திப் பார்க்க வைப்பவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு நாள் இருந்தது எனக்குப் பெருமை. தவறு செய்த நாள் என்றாலும் பெருமைதான்.

திங்கட்கிழமை கடைசி விடுமுறை நாள். அன்றும் கடைக்குப் போனேன். 11.40க்கு வீடியோ அழைப்பு வந்தது. சோதனை மைதானத்துக்கு வெளியே, ஒரு புளியமரத்தடியில் மஞ்சள் வேன் நின்றது.

"பாஸ் ஆயிட்டு தாயி! ஆபீசர் லைட்டத்தான் முதல்ல போடச் சொன்னாரு. நீயும் பாரு." நல்ல வெயிலில் இரண்டு விளக்குகளும் எரிந்தன. ஒன்று பழசாய்க் கொஞ்சம் மங்கல், ஒன்று நாங்கள் அனுப்பியது. "இப்பச் சொல்லு, உங்க லைட்டு எந்தப் பக்கம்?"

போனில் அது என் வலப்பக்கம் தெரிந்தது. "கிளீனர் சைடு, அண்ணாச்சி" என்றேன். பின்னால் சித்தி சத்தமாகச் சிரித்தார்.

"சரி, பேட்டரி எறங்கிரும். நாளைக்குப் பிள்ளையள ஏத்தணும்லா" என்றார் அவர். விளக்குகள் அணைக்கப்பட்டன.