தலையணைக்கடியில் இருந்த கடுகுப் பை

1995 ஆகஸ்ட் 7: என் மனைவி எஸ்தருக்கு அறுவைச் சிகிச்சை. இடது மார்பு அகற்றப்பட்டது.

1996 மார்ச் 14: நோய் முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருப்பதாகவும், இனி வலியைக் குறைக்கலாமே தவிர நோயைக் குணமாக்க இயலாது என்றும் மருத்துவர் என்னிடம் தனியே கூறினார். அன்று பிற்பகல், எலும்புத் தேய்மானம் என்று நான் எஸ்தரிடம் கூறினேன்.

1996 ஏப்ரல், மே: வலி குறைவதற்காகக் கதிர்வீச்சு.

1996 ஜூன் 12, புதன்கிழமை: முப்பிடாதி என்ற பெண் பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்தாள்.

சபையாருக்கு முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி சுகமடையவில்லை. ஆயினும் ஒரு ஜெபம் கேட்கப்பட்டது. அது என்னுடைய ஜெபம் அன்று. அதைக் கெடுக்கப் பார்த்தவன் நான்.

மார்ச் மாதத்திலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: அவளுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும் நோயாளிகள் பட்டியலுக்குக்கூட ‘முதுகுவலி’ என்றே எழுதிக் கொடுத்தேன். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே எச்சரித்து அனுப்பினேன். நம் குடும்பங்களில் இதை அன்பு என்றே சொல்லிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முப்பிடாதி என் எச்சரிக்கைக்கு நிற்கவில்லை.

“எஸ்தர் டீச்சர் வீடு இதானா சார்? ஆஸ்பத்திரி பெஞ்சுல பழக்கம். கரண்டு வைக்கப் போனோம்லா, அப்ப” என்று கதிர்வீச்சு நாட்களைச் சொல்லிக்கொண்டே, மஞ்சள் துணிப்பையுடன் என்னைத் தாண்டி உள்ளே போனாள். அறைக் கதவு சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எஸ்தர் சிரித்து மூன்று மாதங்களாகியிருந்தன.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். சந்தேகப்பட்டேன். முப்பத்தோரு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, தேர்வறைகளில் யார் கை எங்கே போகிறது என்று பார்த்துப் பழகியவன் நான். ஆற்றுக்கு அப்பாலுள்ள டவுணிலிருந்து, ஒரு பிற மதத்துப் பெண், புதன்கிழமை தவறாமல் எதற்கு வர வேண்டும்? நாட்டு மருந்து விற்கிறாளா? ஏதேனும் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்கிறாளா? எல்லாவற்றுக்கும் மேலாக, நான் மறைத்ததை உளறிவிடுவாளா? அவள் போனதும் அறைக்குள் சென்று தம்ளர்களை முகர்ந்து பார்த்தேன். முக்காலியில் திருநீறு சிந்தியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே என் சந்தேகத்தை வளர்த்தது.

செப்டம்பர் 4, புதன்கிழமை. எஸ்தர் குளிக்கச் சென்றிருந்தபோது படுக்கை விரிப்பை மாற்றினேன். தலையணைக்கடியில், உள்ளங்கை அளவில் வட்டமாகத் தைத்த ஒரு வெள்ளைத் துணிப்பை இருந்தது. கனமாக இருந்தது. ஓரத்தைக் கத்தரித்தேன். உள்ளே கடுகு.

கடுகைக் கொண்டு என்னென்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். திருஷ்டி கழிப்பார்கள், மந்திரித்தும் கட்டுவார்கள். இத்தகைய காரியங்களைக் கண்டித்து நம் ஆலயத்தில் பேசியவன் நான். அன்று பிற்பகல் அவள் வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு பையை நீட்டினேன்.

“இது என்ன?”

“ஐயோ, அத ஏன் சார் கிழிச்சிய?”

“யார் மந்திரித்துக் கொடுத்தது?”

“மந்திரமா!” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்ததும் அது நின்றது. “அக்காட்ட கேளுங்க சார். அத நான் சொல்லக் கூடாது.”

“இனி இந்தப் பக்கம் வராதே” என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். உள்ளிருந்து எஸ்தர் கூப்பிட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகளில் அவள் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

“அது கடுகுதான். கனத்துக்கு வச்சது. ஒரு பக்கம் இல்லாம நடந்தா சேலை சரியுது, தோளு சாயுது. பஞ்சு வச்சா மேல ஏறிக்கிடுது. ராத்திரி கழத்தித் தலையணைக்கடியில வைப்பேன். அவளுக்கும் எடுத்திருக்கு. அவ வைக்கிற மாதிரியே எனக்கும் தச்சுத் தந்தா.”

கத்தரித்த ஓரத்தை விரலால் பொத்திக்கொண்டேன்.

“எனக்கு எலும்புத் தேய்மானம் இல்லன்னு மார்ச்சுலயே தெரியும். மூஞ்சியக் கழுவிட்டு வந்து சொன்னிய. மத்தியானம் மூஞ்சி கழுவுற ஆளா நீங்க?”

“ஏன் என்னிடம் கேட்கவில்லை?”

“கேட்டா ஜெபத்த ஆரம்பிச்சிருவிய. கண்ண மூடிக்கிடுவிய. பெறகு நான் யார்ட்ட பேச? அவளுக்கும் பரவிட்டு. அவளும் பிழைக்க மாட்டா. அவட்டதான் எனக்குச் சாவப் பத்திப் பேச முடியுது. சுகம் வேணும்னு நான் கேக்கல. இந்த நோவு உள்ள ஒருத்தி வேணும்னுதான் ஆண்டவர்ட்ட கேட்டேன். வந்தா. நீங்க வெரட்டிட்டிய.”

பிறகு அவள் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஒரு வாரமும், மாத்திரை வேண்டும், வேண்டாம் என்பதற்கு மேல் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம், பக்கத்து வீட்டாரைத் துணைக்கு இருத்திவிட்டு டவுணுக்குப் பேருந்து ஏறினேன். ஆற்றுப்பாலத்தைக் கடந்தபோதும், முப்பிடாதி திரும்பி வந்தால் எஸ்தரிடம் என்னவெல்லாம் பேசுவாள் என்ற அச்சம் எனக்குள் இருந்தது. முகவரி தெரியாது. கீழ ரதவீதிக்குப் பின்னால் ஜாக்கெட் தைக்கிறவள் என்பது மட்டும் தெரியும். ஒரு ஜவுளிக் கடையில் விசாரித்தேன்.

“எந்த முப்பிடாதி அண்ணாச்சி? இந்தத் தெருவுலயே தையல்காரி முப்பிடாதி அஞ்சு பேரு உண்டு. குட்டையா, நெட்டையா?”

“உடல்நலம் இல்லாதவள். அறுவைச் சிகிச்சை...”

“எங்கன ஆபரேசன்?”

மனைவியின் நோயைப் பற்றி எத்தனையோ நூல்கள் வாசித்திருந்த எனக்கு, அந்தக் கடை வாசலில் மார்பு என்ற சொல் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். இரண்டு மணி நேரம் சந்து சந்தாக அலைந்தேன். பிறகு தேர் நிற்கும் இடத்தருகே, நிழலில், கண்களை மூடாமல் நின்று கேட்டேன்: ‘ஆண்டவரே, சுகம் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பித் தாரும்.’ பல்லாண்டுகள் சபையில் நீண்ட ஜெபங்களை ஏறெடுத்த எனக்கு அவ்வளவுதான் வந்தது.

யாரும் வரவில்லை. வீடு திரும்பினேன்.

வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. அறைக்குள், எஸ்தரின் கட்டிலருகே முப்பிடாதி உட்கார்ந்திருந்தாள்.

“நான்தான் வர வேண்டாம் என்றேனே” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொல்ல எண்ணியது அதுவன்று.

“புதன்கிழமைலா சார்! நீங்க வையிறது ஒரு பக்கம். அக்காவப் பாக்கது ஒரு பக்கம். எங்க போயிட்டு வாரிய, இப்படி வேர்த்து?”

“டவுணுக்கு. உன்னைத் தேடி.”

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எஸ்தருக்கு முதுகு வலிக்கும்வரை சிரித்தார்கள். பிறகு முப்பிடாதி ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள். “கிழிச்சவுகளே தைங்க.”

தைத்தேன். மூடுமுன் கடுகை அள்ளிப் போட்டேன். அவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்து, “இன்னும் ஒரு பிடி” என்றாள். அன்று கதவு சாத்தப்படவில்லை. எந்தச் சேலையில் அடக்கம் செய்ய வேண்டும், எது வந்தால் பயம், எது வந்தால் பயமில்லை என்று அவர்கள் பேசினார்கள். ஜெபத்தைத் தொடங்காமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த புதன்கிழமைகளிலும் அவ்வாறே; பேசிக்கொண்டே எஸ்தரும் இத்தகைய பைகளைத் தைக்கப் பழகினாள்.

1997 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, எஸ்தர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்கத்துக்கு அவளை உடுத்தியவள் முப்பிடாதி. அந்தப் பையை வைத்தே உடுத்தினாள். சேலை சரியவில்லை.

அந்தப் புதன்கிழமை என் ஜெபத்தால்தான் அவள் வந்தாளா, நான் ஜெபிக்குமுன்பே பேருந்து ஏறிவிட்டாளா என்பதை இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். எஸ்தரின் ஜெபத்துக்கே அவள் வந்தாள் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை. தேவனுக்கு நன்றி செலுத்துகிறேன். உங்கள் வீட்டிலும் எலும்புத் தேய்மானம் என்று சொல்லப்பட்ட ஒருவர் படுத்திருக்கக்கூடும். அவர் என்ன ஜெபிக்கிறார் என்று கேளுங்கள். அதற்கான பதில் துணிப்பையுடன் வந்து வாசலில் நின்றால் வழிவிடுங்கள். என்னைப் போன்ற ஐயமுள்ளவனையும் அவர் தள்ளிவிடவில்லை.

இன்னும் செய்யாதிருப்பவை:

எஸ்தர் தைத்து முடித்த மூன்று பைகளை மருத்துவமனைப் பெஞ்சில் காத்திருக்கும் பெண்களுக்குக் கொடுக்க வேண்டும்.

நோயாளிகள் பட்டியலுக்குப் பொய் எழுதிக் கொடுத்ததைக் குருவானவரிடம் சொல்ல வேண்டும்.

முப்பிடாதியிடம் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு இருமல் கூடியிருக்கிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் என்னைத் தனியே கூப்பிட்டால் போகக் கூடாது.