தடியனின் ஏக்கம்

பெயிண்ட் கடையில் அவளுக்குக் ‘கலர் அக்கா’ என்று பெயர். பத்தொன்பது வருடமாக அங்கே நிறம் கலக்குகிறாள். சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், இயந்திரம் கணக்குச் சொல்வதற்குள் எந்த நிறத்தில் எத்தனை துளி என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட கண்தான் சொந்த வீட்டுக்குள் பன்னிரண்டு நாள் எதையும் பார்க்காமல் இருந்தது.

ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போய்ப் பன்னிரண்டு நாள். அவள் வளர்த்த நாய் தடியன், மறுநாளே தட்டை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டது.

“பாத்தீங்களா? பெத்த நமக்குத் தொண்டைல இறங்குது, அதுக்கு இறங்கல” என்று கணவரிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

வேன் ஓட்டும் கணவர் சிரித்தார். “நடிக்கிறான்டி. நீ ஊட்டி ஊட்டிக் கெடுத்து வெச்சிருக்க. ஒரு நாள் பட்டினி போடு, தட்டையே கடிச்சுத் தின்பான்.”

தடியன் வாளித் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தது. மனசு வெந்தால் தாகம் எடுக்கும் என்று நினைத்தாள். காதுக்குப் பின்னால் உண்ணிகள் கொத்தாக இருந்தன. மகள் இருந்திருந்தால் தினம் சீவிவிட்டிருப்பாள் என்று அழுதாள். தரையில் இரண்டு சொட்டு ரத்தம் கிடந்தது. கட்டில் காலில் மூக்கை இடித்துக்கொண்டிருக்கும் என்று துடைத்துவிட்டாள்.

“உன்னையே நினைச்சுக் கிடக்கான்டி. நாலு வாய்க்கு மேல திங்கறதில்ல” என்றாள் போனில்.

“வேலைய விட்டுட்டு வந்துடவாம்மா?”

சேச்சே என்றுதான் வாய் சொன்னது. ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குத் தேனாக இனித்தது. மறுநாளும் அதையே சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள் மதியம், குழந்தையின் அறைக்கு இளஞ்சிவப்பு கேட்டு ஒரு பெண்மணி கடைக்கு வந்தாள். வெள்ளையில் சிவப்புத் துளி விட்டுக் குலுக்கி, அட்டையில் தீற்றிக் காட்டினாள் கலர் அக்கா.

“என்னங்க இது, ரத்தமே இல்லாம வெளிறிக் கிடக்கு?” என்றாள் வந்தவள்.

கலர் அக்கா அட்டையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். இந்த நிறத்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள். பிஸ்கட் திணிக்கத் தடியனின் உதட்டைத் தூக்கியபோது தெரிந்த ஈறு, அச்சு அசல் இதே நிறம். நல்ல நாளில் அது ரோஜா நிறமல்லவா!

முதலாளி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் வீட்டுக்கு ஓடினாள்.

கணவர் தடியனை வேனில் கிடத்திக் கொண்டுபோனார். வழியெல்லாம் ஒரு கேலிப் பேச்சு இல்லை. கால்நடை டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். மூக்கோரம் காய்ந்திருந்த ரத்தத்தைப் பஞ்சால் துடைத்தார்.

“எத்தனை நாளா இப்படி?”

“பொண்ணு போனதுல இருந்து டாக்டர். ஏக்கம்…”

“ஏக்கத்துல ஒரு நாள், ரெண்டு நாள் சாப்பிடாது. ஏக்கத்துல மூக்குல ரத்தம் வருமாம்மா? இது உண்ணிக் காய்ச்சல். ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ரெண்டாம் நாளே கூட்டிட்டு வந்திருந்தா நெலமை இவ்வளவு மோசமாகியிருக்காது.” ஊசி போட்டு, காலில் டிரிப்ஸ் ஏற்றினார். “நாளைக்கு வரைக்கும் தாங்கினாப் பாக்கலாம். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு எண்ணிட்டே இருங்க. நாப்பதைத் தாண்டினா உடனே என்னைக் கூப்பிடுங்க.”

அந்த நேரம் பார்த்து மகளின் போன் வந்தது.

“எப்படிம்மா இருக்கான்? இன்னும் என்னைத்தான் தேடறானா?”

சொல்லாதே என்று கணவர் கையசைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“இல்லடி. தேடினது நான். அவனுக்கு ஒடம்பு சரியில்ல. என் கண்ணு முன்னாடியே கிடந்தான், நான்தான் பாக்கல. நீ வந்துடுவேன்னு ஒரு ஆசை… பாவி நான்.”

மறுமுனையில் விசும்பல் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

“இப்ப மூச்சு விடறானா?” என்றாள் மகள் கடைசியில்.

“விடறான். நிமிஷத்துக்கு நாப்பதைத் தாண்டாம எண்ணிப் பாக்கச் சொல்லியிருக்காங்க.”

“எண்ணு. போனை வைக்காம எண்ணு.”

சுவரிலிருந்த கடிகாரத்தின் விநாடி முள் பன்னிரண்டைத் தொட்டது. தடியனின் விலாவில் கையை வைத்து, “ஒண்ணு” என்றாள் அம்மா. “ரெண்டு” என்றாள் மகள், அவளும் அங்கேயே இருப்பதுபோல.