வாடகைக் காரின் திரையில்

மாண்ட்ரியலில் வாடகைக் காரின் சாவியை நீட்டுகிற அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் தங்கியிருக்கும் என் நாத்தனார் வீட்டை அவருக்குத் தெரியுமாம், ஒரே கோயிலாம்.

"எங்கை போறியள், தங்கச்சி?"

"சும்மா, சுத்திப் பார்க்கத்தான்."

அதற்குள் என் கணவர் தன் போனைக் காரில் இணைத்துவிடுகிறார். காலையில் அவர் தேடி வைத்தது திரை முழுக்கப் பளிச்சென்று வருகிறது: நியூட் பீச், ஐம்பது நிமிடம். அணைக்கிற பொத்தான் எங்கே என்று தடவுகிறேன். சாயங்காலத்துக்குள் நாத்தனாருக்குப் போன் போய்விடும்.

அண்ணன் குனிந்து நிதானமாக வாசிக்கிறார். அலுவலகப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதேங்கோ. அண்டைக்கு நானும் மனுசியும் போறனாங்கள். கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, தங்கச்சி."