கதவில்லாத எட்டு அறை

கக்கூஸ் நாற்றமும் சுண்ணாம்புத் தூளும் கலந்து மூக்கைக் குத்தும் காற்று, அதுதான் நான் பிறந்த "லைன்". தங்க வயலுக்கு மின்விளக்கு வராத காலம். சுரங்கக் கூலிகளுக்காகக் கம்பெனி ஒரே வரிசையில் முப்பது வீடு கட்டியிருந்தது. தகரக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர், வீட்டுக்கு ஒரே அறை, ஒரே கதவு, கதவில் தாரால் எழுதிய நம்பர். எங்களுடையது பதினேழு. முப்பது வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து வரிசையின் கடைசியில் எட்டு அறைக் கக்கூஸ். அதற்குக் கதவே கிடையாது. கதவு வைத்தால் உள்ளே தங்க மண்ணைப் பதுக்குவார்களாம். "லைன்" மேஸ்திரி சொன்ன காரணம் இது. எங்களைத் திருடர்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே உட்கார, மற்றவள் பழைய புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பத்தடி தள்ளியிருந்த பொதுக் குழாயில் "ஷிப்ட்" முடிந்த ஆண்கள் குளிப்பார்கள். ஒரு நாள் நான் பிடித்திருந்த புடவையைக் காற்று தூக்கிவிட்டது. உள்ளே இருந்தவள் வயதுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத என் அக்கா. குழாயடியில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். தகரக் கூரையின் கீழே, சித்திரை வெயிலில். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது.

அம்மா யாரையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் தூக்கிப்போய்க் கடைசி அறையில் கயிற்றால் கட்டினாள். வீட்டு வாசலில் கோணியைத் தொங்கவிட்டாள்.

"இன்னாக்கா, பதினேழாம் நம்பர் வூடு இங்க குடி வந்துட்ச்சா?" என்று பக்கத்து வீட்டு மேரி கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள், எல்லாரும் அந்த ஒரு அறைக்கே காத்து நின்றார்கள். அக்கா இரண்டு நாள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

நம்பரைச் சுரண்டிவிட வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். கம்பெனிக் கதவு இருந்த இடத்துக்கு வராவிட்டால் வீடும் போகும், வேலையும் போகும் என்றான்.

"வூட்ல திருட இன்னா கீது? கதவு எங்க வேணுமோ அங்கதான் கீது" என்றாள் அம்மா.

அப்பா போய்க் கதவைச் சுமந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் மறுபடி தண்ணீர்ச் சொம்பைத் தொடவில்லை. அந்த மாதமே குடியாத்தத்துப் பக்கம் பெண்டாட்டி செத்துப்போன ஒருவருக்கு அவளைக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அப்பாவின் வயது. "அங்க மறைவுக்குக் கொல்லையாவது கீது" என்றார் அப்பா.

இன்று அந்தத் தட்டி வீடுகள் இல்லை. செங்கல் வரிசைகள் வந்துவிட்டன, ஒவ்வொரு கக்கூசுக்கும் கதவு இருக்கிறது. கம்பெனிக்கு நல்ல மனசு என்கிறார்கள் புதிதாக வந்தவர்கள். ஒரு கதவு இல்லாததால் கல்யாணமானவள் என் அக்கா.