வாசற்படியைக் கழற்றி மாட்டிய வீடு

போன செவ்வாய்க்கிழமை மதியம். மழை. அம்பத்தூரில் எங்கள் தெரு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர்.

எல்லா வீட்டு வாசற்படியும் வாசலில் இருந்தது. எங்கள் வீட்டுப் படி மட்டும் ஹால் சுவரில், ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

வாசற்படியை எதற்குச் சுவரில் மாட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆடி மாதத்திலிருந்து என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் மனைவி சரளா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் இருக்கிறாள். இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. கத்தரி வெயில் ஆரம்பித்த வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு வாக்கர். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு ரப்பர் கால்.

வாக்கர் வீட்டுக்குள் நன்றாக ஓடியது. வாசலுக்கு வெளியே தெரு வரைக்கும் ஒரு சாய்தளம் கட்டினோம். அதிலும் நன்றாக ஓடியது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருந்தது... தேக்கு நிலையின் கீழ்க்கட்டை. மூன்று விரல் உயரம். அதுதான் வாசற்படி.

மூன்று விரல்தானே, தூக்கி வைத்தால் போயிற்று என்பீர்கள். வாக்கரைத் தூக்க வேண்டுமானால், தூக்குகிற அந்த நேரம் வாக்கர் இல்லாமல் நிற்க வேண்டும். நிற்க முடியாதவருக்குத்தான் வாக்கரே. ஆனி மாதத்தில் ஒரு நாள் முயற்சி செய்தாள். சக்கரம் கட்டையில் இடித்து நின்றது, உடம்பு நிற்கவில்லை. பக்கத்திலிருந்த நான் பிடித்துவிட்டேன். பக்கத்தில் நான் எப்போதும் இருப்பதில்லை. காலையில் அவளுக்கு முன்பே ஆவடிக்குக் கிளம்பிவிடுகிறவன் நான்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிட்டால் நல்லது, வேன் கேட் வரைக்கும் வரும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆக, ஒரு வேலைக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் மூன்று விரல் தேக்கு.

ஒரு பொருள் தடுக்கி நாம் விழுந்தால் ஊர் என்ன சொல்கிறது? ‘பார்த்து நடக்கணும்.’ குற்றவாளி எப்போதும் நாம்தான். படி நிரபராதி. பாங்க் வாசலில் படிக்கட்டு. பக்கத்தில் சாய்தளம் இருந்தால் அதில் பைக் நிற்கும். பஸ்ஸின் முதல் படி இடுப்பு உயரத்தில் இருந்த காலத்தில், வயதானவர்களைப் பின்னாலிருந்து தள்ளி ஏற்றினோம். தாழ்தளப் பேருந்து வந்த பிறகுதான் நமக்கு உறைத்தது, பஸ்ஸையும் கீழே இறக்கலாம் என்று. அதுவரை மனிதர்களைத்தான் மேலே ஏறச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சூட்கேஸுக்குச் சக்கரம் வைப்பது எப்போது பரவலானது தெரியுமா? மனிதன் நிலாவுக்குப் போய்த் திரும்பிய பிறகு! நிலாவுக்கு வழி கண்டுபிடித்தவர்கள் எத்தனை பேர் அன்றைக்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ.

இதையெல்லாம் நான் சரளாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் கேட்கவில்லை. குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கேஸ்கட்” என்றாள்.

“என்ன கேஸ்கட்?”

“ஒரு ரப்பர் வளையம் ஆவியையே நிறுத்துது. மழைத் தண்ணிய நிறுத்தாதா? படியை எடுத்துடலாம். மழை வந்தா மட்டும் ஒரு பலகைய சொருகிக்கலாம். மூணு பக்கமும் ரப்பர். நிலைக்கு ரெண்டு பக்கமும் சேனல், கீழ ஒரு காடி.”

வெனிஸ் நகரத்தில் கடல் ஏறுகிற காலத்தில் கடைக்காரர்கள் வாசலில் இப்படித்தான் பலகை சொருகுகிறார்கள் என்று நான் படித்திருக்கிறேன். சொன்னேன். “அப்ப நல்லது, அவங்களுக்கும் தோணியிருக்கு” என்றாள்.

அன்று சாயங்காலமே வரைந்து முடித்துவிட்டாள். முழங்கால் உயரத்துக்கு அலுமினியப் பலகை. தூக்க லேசு. காடி, அதாவது பலகை உட்காருகிற பள்ளம், வாக்கர் சக்கரத்தைவிடக் குறுகல். பலகையை இறுக்க இரண்டு திருகு. பழைய படி எவ்வளவு உயரம்? மூன்று விரல். 2015 டிசம்பரில் தண்ணீர் அந்த மூன்று விரலை மதிக்கவே இல்லை; நேராக வந்து ஃப்ரிட்ஜைத்தான் விசாரித்தது.

இனி ஏகாம்பரம். சரளாவின் அண்ணன். மாங்காட்டில் வயலும் தோட்டமுமாக இருந்த குடும்பம். இப்போது வாட்டர் கேன் ஏஜென்சி. வெள்ளிக்கிழமைதோறும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு மனைவியோடு ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கு வருவார். சரளா விழுந்ததிலிருந்து வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற பொறுப்பை அண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளி தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சரளா விஷயத்தைச் சொன்னாள். ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தார்.

“படிய அறுக்கப் போறியா? இன்னா பேசற நீ? வாச நிலை வெச்ச அன்னிக்கு அடியில நவதானியம் போட்டு, ஒரு பொட்டு தங்கம் வெச்சவன் நானு.”

“தங்கம் அங்கயே இருக்கட்டும்ணே. கட்டைதான் வேணாம்.”

“வாசப்படி இல்லாத ஊட்ல லட்சுமி தங்குமா?”

“நான் வெளிய போயி சம்பாதிச்சாத்தான அண்ணே லட்சுமி உள்ள வருவா? அவ வர்றதுக்கும் வழி வேணும்ல.”

அவர் என் பக்கம் திரும்பினார். “மாப்ள, நீயாச்சும் சொல்லு. அதுவும் ஆடி மாசம். ஆடில வாசப்படி மேல கை வெப்பாங்களா?”

தேதி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பித்து உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாரந்தோறும் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு எப்போது தார் போட்டார்கள், எப்போது அதன் மேலேயே மறுபடி போட்டார்கள், அப்போது எந்த வீடு எவ்வளவு பள்ளமானது... எல்லாம் கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அது பயன்பட்டது. சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் காட்டினேன்.

“மச்சான், ஆடியிலயும் ஒரு வாஸ்து நாள் இருக்கு. அச்சடிச்சே இருக்கு பாருங்க.”

“அது பூமி பூஜை போடறதுக்கு மாப்ள. படிய அறுக்கறதுக்கு இல்ல.”

கம்பெனி குறித்த வாரமோ ஆடிக்குள் வருகிறது. ஆவணி வரை காத்திருந்தால் படி இருக்கும், வேலை இருக்காது. சரளா வாக்கரைப் பிடித்து எழுந்தாள்.

“அண்ணே, பந்தயம். இந்த மழைக்காலத்துல ஒரு சொட்டு தண்ணி உள்ள வரட்டும், பழைய கட்டைய நானே திரும்ப வெக்கச் சொல்றேன். நான் வேலைய விட்டுட்டு உள்ளயே உக்காந்துக்கறேன். வரலன்னா, இதப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது.”

“ஒரு சொட்டு?”

“ஒரு சொட்டு.”

ஒரு சொட்டு என்பது அம்பத்தூரில் மிகக் கடுமையான நிபந்தனை.

பூந்தமல்லியில் அலுமினிய ஜன்னல் செய்கிற காதர் பாய் வந்தார். வரைபடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், திருடனுக்கு வசதி பண்ணிக் குடுக்கறீங்களா?”

“கதவு இருக்கு பாய். படிதான் எடுக்கிறோம்.”

“படிய எடுத்துட்டா கதவுக்கு அடியில இடுக்கு கீதே. எலி வந்துகினு இருக்கும்.”

“கதவுக்கு அடியில பிரஷ் பட்டை” என்று சரளா படத்தில் தொட்டுக் காட்டினாள். காதர் பாய் கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“போட்டுக் குடுக்கறேன் மேடம். நல்லா வந்துச்சுன்னா நான் கட்ற ஊட்டுக்கும் இதான். சொதப்புச்சுன்னா யாரு செஞ்சதுன்னு சொல்லாதீங்க.”

வாஸ்து நாள் அன்றே அறுத்தார். ரம்பம் தேக்கில் இறங்கும் சத்தத்துக்கு எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அடியில் பொடியாகிப்போன தானியமும், ஏகாம்பரம் வைத்த அந்தப் பொட்டுத் தங்கமும் இருந்தன. சரளா அதை அப்படியே உள்ளே விட்டு, மேலே கருங்கல் பட்டையைப் பதிக்கச் சொன்னாள். தரையும் கல்லும் ஒரே மட்டம். நடுவில் விரல் அகலத்துக்குக் காடி. மழை வரும்வரை அலுமினியப் பலகை ஹால் சுவரில், ஒரு கொக்கியில்.

திங்கட்கிழமை காலை வேன் ஹார்ன் அடித்தபோது நான் வீட்டில் இருந்தேன், லீவு போட்டிருந்தேன். சரளா என்னைத் தொட விடவில்லை. வாக்கர் உருண்டது. காடியின் மேல் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். வெளியே போய்விட்டாள். ஒரு வீட்டு வாசலில் இதைவிடப் பெரிய விசேஷம் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

ஏகாம்பரம் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தவில்லை. வருவார், வாசலில் குனிந்து பார்ப்பார், வானத்தை நிமிர்ந்து பார்ப்பார், காபி குடிப்பார். ஐப்பசியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது போன செவ்வாய்க்கிழமைக்கு வரலாம்.

மழை வலுத்ததும் கம்பெனி எல்லாரையும் முன்னதாகவே அனுப்பிவிட்டது. நானும் பாதியில் திரும்பி வந்துவிட்டேன். ஆவடிப் பக்கம் கேன் போடப் போயிருந்த ஏகாம்பரம், வண்டி நகராமல் எங்கள் வீட்டில் ஒதுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி ஹாலில் நின்றார். முகத்தில் மட்டும் ஒரு பிரகாசம்.

“போடு மாப்ள உன் பலகைய. பாப்போம்.”

தண்ணீர் சாய்தளத்தில் பாதி ஏறியிருந்தது. பலகையைச் சேனலில் வைத்து அழுத்தினேன். இறங்கியது... நின்றது. தரைக்கு மேலே ஒரு விரல் இடைவெளி. அழுத்தினேன். ஏறி நின்று மிதித்தேன். சுத்தியலைத் தேடினேன்.

“இன்னாச்சு?” என்றார் ஏகாம்பரம். குரலில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

“பலகைய அடிக்காதீங்க” என்றாள் சரளா, நாற்காலியிலிருந்து. “பலகை சரியாத்தான் இருக்கும். காடியப் பாருங்க.”

குனிந்து பார்த்தேன். காடியைக் காணவில்லை.

ஆடியிலிருந்து ஐப்பசி வரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அண்ணி படி இருந்த இடத்தில் பக்தியோடு மஞ்சள் பூசியிருக்கிறார். படி இல்லை என்பதால் பூச்சு நிற்கவில்லை, காடிக்குள் இறங்கியிருக்கிறது. அதன் மேல் குங்குமம், அரிசி மாவு, ஒரு மல்லிகைக் காம்பு. எல்லாம் சேர்ந்து காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. பலகைக்கு வந்த ஒரே எதிரி வெளியே இல்லை. அளவு பார்த்துப் பார்த்து வரைந்த சரளாவுக்கு, தன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வரும் என்பது மட்டும் நினைவில் இல்லை.

ஏகாம்பரமும் குனிந்து பார்த்தார். அவர் முகத்துப் பிரகாசம் அணைந்தது. அது அவர் வீட்டு மஞ்சள்.

“தோச திருப்பற கரண்டிய எடு மாப்ள” என்றார்.

தண்ணீர் வாசல் கல்லுக்கு ஒரு சாண் கீழே. ஏகாம்பரம் மண்டி போட்டு உட்கார்ந்து சுரண்டினார். மஞ்சள் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. நான் வாரி வாரி வெளியே எறிந்தேன்.

“மூலைல, அண்ணே. இடது மூலைல இன்னும் இருக்கு.”

“தெரியுது, தெரியுது. ஆபீஸ்லயும் இப்படித்தான் உயிர எடுப்பியா?”

பலகையை மறுபடி வைத்தோம். இரண்டு பேருமாக அழுத்த, ரப்பர் பிதுங்கி உட்கார்ந்தது. திருகுகளை இறுக்கினோம். சற்று நேரத்தில் தண்ணீர் வந்தது. பலகையைத் தொட்டது. ஏறியது. பழைய படியின் உயரத்தைத் தாண்டி, இன்னும் அதைப்போல இரண்டு மடங்கு ஏறி நின்றது. ஹாலில் மூன்று பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காய்ந்த தரை. முழுக்கக் காய்ந்த தரை.

இல்லை... இடது மூலையில், ரப்பருக்கு அடியிலிருந்து, மெல்லிய கோடாக ஒன்று உள்ளே வந்தது. மஞ்சள் நிறம். அரைச் சாண் ஓடி நின்றது. ஒரு சொட்டு இருக்கும். ஒன்றரையாகவும் இருக்கலாம்.

பந்தயம் ஒரு சொட்டுக்குத்தான். சரளா அண்ணனைப் பார்த்தாள். ஏகாம்பரம் தரையைப் பார்த்தார். பிறகு, வாசலோரம் கிடந்த கால்மிதியைக் கட்டைவிரலால் மெதுவாக இழுத்து அந்தக் கோட்டின் மேல் விட்டார்.

“என் வேட்டிலேந்து சொட்டுச்சு” என்றார்.

“உன் வேட்டி எப்பண்ணே மஞ்சளாச்சு?”

“சும்மா இருக்க மாட்டியா? விடுன்றேன்ல.”

சரளா விடவில்லை. வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் காலாலேயே கால்மிதியை ஒதுக்கி, அந்தக் கோட்டைப் பார்த்தாள். மூலையை உற்றுப் பார்த்தாள்.

“தண்ணி வந்திருக்கு. ஒத்துக்கறேன். ஆனா பழைய கட்டைய வெக்க மாட்டேன். வாய் தவறி வெச்ச பந்தயம். அந்த மூலைல கேஸ்கட்டத்தான் மாத்துவேன். என்ன பண்ணுவ?”

ஏகாம்பரம் ஒன்றும் பண்ணவில்லை. காபி கேட்டார்.

இதை நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பந்தயத்தில் தோற்று, தோற்றதை ஒத்துக்கொண்டு, பணிய மறுத்தாள், அவ்வளவே. ஆனால் யோசித்துப் பாருங்கள். பழைய படி வெள்ளத்தில் எத்தனையோ சொட்டை உள்ளே விட்டது. அதனிடம் யாராவது பந்தயம் கட்டினோமா? புதிதாக ஒன்று வந்தால் மட்டும் முதல் சொட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பழையது எத்தனை பேரைத் தடுக்கி விழ வைத்தாலும் அதற்குக் குங்குமம்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருந்தேன். அண்ணி வந்தார். வாசலில் குனியப் போனவரின் கையை ஏகாம்பரம் பிடித்து நிறுத்தினார். அண்ணி ஒரு கணம் யோசித்தார். நேராக ஹாலுக்குள் வந்து, சுவரில் தொங்கிக்கொண்டிருந்த அலுமினியப் பலகைக்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார்.

சரளா அதைப் பார்க்கவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்தாள்.