ஆறாவது மெஷினுக்கு எதிரே

இது நடந்தது. கதை கட்டுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. என் தம்பி சீனிச்சாமி புது மெஷின் கடைக்காரனிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு சங்கத்தைக் கடனில் இழுத்துவிட்டான் என்று திருப்பூரில் இன்றும் சிலர் பேசுகிறார்கள். அவன் வாயைத் திறக்க மாட்டான். மூத்தவன் நான் சொல்லியாக வேண்டும். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

2006ஆம் வருடம். தெற்கேயிருந்து பனியன் கம்பெனிகளுக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவர் நான். ஷிப்டுக்குப் போக முடியாத எங்கள் பெண்களுக்காகச் சங்கக் கட்டடத்தில் ஒரு தையல் கூடம் தொடங்குவது என்று முடிவானது. அதற்கு ஒரு பவர் டேபிள் வேண்டும். ஒரு நீள மேஜை, அதில் துணியின் ஓரம் சேர்த்துத் தைக்கிற ஆறு ஓவர்லாக் மெஷின், ஆறையும் ஓட்ட ஒரே மோட்டார்.

புதிதா, பழையதா? கூட்டம் மேல் கூட்டம் போட்டோம். புதிது என்றால் கடன் கிடைத்து மெஷின் வந்து இறங்கத் தீபாவளி ஆகிவிடும். பழையது தயாராக இருந்தது. ஊத்துக்குளி ரோட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி லிங்கசாமி பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். நான் அவருக்கு வார்த்தை கொடுத்துவிட்டேன். கூட்டத்திலும் எழுந்து சொன்னேன். "என் தம்பி ஓட்டிப் பார்ப்பான். அது சும்மா ஒரு முறைக்குத்தான். பழையதுதான் வாங்குகிறோம்."

ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த சீனிச்சாமி அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போனான்.

சனிக்கிழமை காலை ஏறிய ஷிப்டு ஞாயிறு காலையில்தான் அவனை இறக்கி விட்டிருந்தது. ஷிப்மெண்ட் அவசரம். கண் எரிந்தது. இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழ மாட்டோம் என்று கொஞ்ச நேரம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு, நேரே சைக்கிளை மிதித்தான். போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை.

லிங்கசாமி ஷட்டரைத் தூக்கிவிட்டார். மோட்டார் சுவிட்சை வெளியே நின்றே கை நீட்டிக் காட்டினார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீங்க உள்ள வரலீங்களா?"

"நீங்க ஓட்டிப் பாருங்க. நான் டீ சொல்லிட்டு வாரனுங்க."

உள்ளே வெயிலின் வெக்கை. மேஜை, ஸ்டூல், பழைய அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. ஆறாவது மெஷினுக்கு எதிரே கிடந்த ஸ்டூலில் மட்டும் தூசி இல்லை. அதைப் பார்த்தான். ஒன்றும் தோன்றவில்லை.

வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓவர்லாக்கில் தைக்கும்போது ஒரு பீஸ் முடிந்ததும் நூலை அறுக்க மாட்டோம். அடுத்த பீஸைக் கொடுத்துக்கொண்டே இருப்போம். எல்லாம் நூலில் தொங்கிக்கொண்டு மாலை மாதிரி அந்தப் பக்கம் இறங்கும். எதிரே இருக்கிற பெண் அவற்றை வாங்கி, நூலை வெட்டி, அடுக்கிக் கட்டுவாள். அவளைக் கைமடி என்போம். டெய்லர் கம்பெனி மாறினால் அவருடைய கைமடியும் கூடவே போவாள். "நாளைக்கு வா" என்று டெய்லர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை உறுதி. சீனிச்சாமிக்கு ஐந்து வருடமாக அபிராமி என்ற பெண் கைமடியாக இருந்தாள்.

இங்கே யாரும் இல்லை. ஆகவே முதல் மெஷினில் அவன் தைத்த கழிவுத் துணிகள் மாலையாக இறங்கித் தரையில் குவிந்தன. இரண்டாவதிலும் அப்படியே. ஐந்து வரை அப்படியே. தையல் சுத்தமாக விழுந்தது. பழைய மெஷின் என்று சொல்ல முடியாது. அண்ணாச்சி வார்த்தை தப்பாது என்று நிம்மதியானான்.

ஆறாவதில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு இருக்கும். உச்சிப்பொழுது. தெருவில் ஒரு சத்தம் இல்லை.

மெஷின் முந்தைய ஐந்தையும் விட இலகுவாக ஓடியது. துணி தானாகப் போனது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன இழுப்பு. மெஷினின் அடிப் பல் துணியைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளுகிறது போல, சரிசெய்யலாம் என்று நினைத்தான். கண் சொருகியது. கை தன் பாட்டுக்குத் தைத்தது. இருபது வருடக் கை அது.

அவன் கை மெதுவானால் இழுப்பும் மெதுவானது.

வேகம் எடுத்தால் அதுவும் வேகம் எடுத்தது.

மோட்டார் இரைச்சலுக்குள் வேறொரு சத்தம். நறுக்... நறுக்... தினமும் கேட்கிற சத்தம்தான். அதனால் அவன் தலை தூக்கவில்லை. கழிவுத் துணி தீரப் போகிற சமயம், பெடலிலிருந்து காலை எடுத்தான். சோர்வில், பழக்க தோஷத்தில், எதிரே பார்க்காமல், தன் கையைப் பார்த்தபடியே சொன்னான்.

"போதும்மா. மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அபிராமி இங்கே இல்லை.

தரையைப் பார்த்தான். மற்ற ஐந்து மெஷின்களுக்கும் கீழே துணி குவிந்து கிடந்தது. ஆறாவதின் கீழே ஒன்றும் இல்லை.

மேஜையின் அந்த ஓரத்தில் ஒரு கட்டு. ஓரம் பிசகாமல் அடுக்கி, துணி நாடாவால் கட்டியிருந்தது.

எழுந்து போய் மோட்டாரை அணைத்தான். அது முனகிக்கொண்டே அடங்கியது. திரும்பினான்.

கடைசி பீஸ் இன்னும் மெஷினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நூலில்.

அந்த நூல் மெல்ல விறைத்தது.

நறுக்.

பீஸ் கீழே விழவில்லை...

எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. லிங்கசாமி டீ டம்ளருடன் நின்றிருந்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார்.

"மெஷின்ல ஒண்ணும் குறையில்லீங்களே?"

"இல்லீங்க," என்றான் சீனிச்சாமி. அது உண்மைதான்.

அன்று மாலை சங்கத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். நான் தலைமை நாற்காலியில் இருந்தேன். சீனிச்சாமி எழுந்தான். நின்றுகொண்டே தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

"புதுசே வாங்குவோம்," என்றான்.

கூடத்தில் இரைச்சல். எனக்குக் காது அடைத்தது. நூறு பேர் நடுவே, என் கூடப் பிறந்தவனே என் வார்த்தையை மிதிக்கிறான்.

"ஏம்ல?" என்றேன்.

"கேக்காதீங்க அண்ணாச்சி."

ஆரோக்கியராஜ் பின்வரிசையிலிருந்து கேட்டான். "புது மெஷின் கடைக்காரன் டீயோட விட்டானா, பிரியாணியும் வாங்கிக் குடுத்தானா?" சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தைப் பார்த்து அப்படி ஊர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கருத்தம்மா சிரிக்கவில்லை. புருஷனை இழந்தவள், இரண்டு பிள்ளைகள், கூடம் திறக்கிற நாளுக்காகக் காத்திருப்பவள். "மெஷின் கெட்டதா தம்பி?"

"இல்லக்கா. மெஷின்ல குறையே இல்ல."

"அப்புறம் என்னத்துக்கு நாங்க தீபாவளி வரைக்கும் வயித்தக் கட்டணும்?"

அவன் அவளையே பார்த்தான். "அந்த மெஷின்ல நீங்க உக்கார வேண்டாம்க்கா. அவ்வளவுதான்."

ஓட்டெடுப்பில் புதிது ஜெயித்தது. ஓட்டிப் பார்த்தவனே வேண்டாம் என்கிறபோது பழையதற்குக் கை தூக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. வெளியே வந்ததும் அவனிடம் சொன்னேன். "வார்த்தைய உடைச்சவன் நீ. லிங்கசாமிகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் அந்தப் படி ஏற மாட்டேன்." அதன்பின் அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறுநாள் அபிராமி தன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டாள். பதிலுக்கு ஆள் போடுவதாகக் கம்பெனி சூப்பர்வைசர் சுப்பண்ணன் முன்பே சொல்லியிருந்தார். அந்த வாரம் முழுவதும் சீனிச்சாமி தலை குனிந்தே தைத்தான். எதிரே பார்க்கிற பழக்கத்தையே விட்டுவிட்டான். பார்த்தால்தானே வம்பு. சுற்றிலும் நூறு பேர், லைட் வெளிச்சம், பாட்டுச் சத்தம். யாரோ ஒருத்தி இருந்தாள். பீஸ் போனது. அது போதும் அவனுக்கு.

அடுத்த ஞாயிறு லிங்கசாமியிடம் போனான். வாங்கவில்லை என்றான். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பரவாயில்லீங்க. நேத்துத் தாராபுரத்துக்காரர் ஒருத்தர் வந்து ஓட்டிப் பாத்தாரு. அட்வான்ஸும் குடுத்துட்டாருங்க."

"ஆறாவதையும் ஓட்டினாரா?"

"ஓட்டினாருங்க." என்றார் அவர். "பீஸெல்லாம் கீழயே விழுந்து கிடந்துச்சுங்க. நான்தான் உள்ள போயி அள்ளினேன். கம்பெனி மூடினதுக்கப்புறம் அந்த மெஷின்ல பீஸ் கீழ விழுந்ததும், நான் உள்ள போனதும் இதுதானுங்க முதல் தடவை."

சீனிச்சாமி தன் கையைப் பார்த்தான்.

"ஏனுங்க," என்றார் லிங்கசாமி, மெதுவாக. "அன்னைக்கு அங்க ஏதாச்சும் பேசினீங்களா?"

சீனிச்சாமி நாற்காலியை விட்டு எழுந்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னான். நான் நம்பவில்லை. தூக்கம் கெட்டால் இப்படித்தான் என்று அதட்டினேன். நாளைக்கு நானும் உன் கம்பெனிக்கு வருகிறேன், எதிரே இருக்கிறவளை நேருக்கு நேர் பார்த்துவிடுவோம் என்றேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இருவரும் போனோம். ஷிப்டு இன்னும் ஏறவில்லை. கேட்டில் சுப்பண்ணன் நின்றிருந்தார். நான்தான் கேட்டேன்.

"அபிராமிக்குப் பதிலா ஒரு பொண்ணப் போட்டிருக்கீங்களே, அது பேரு என்ன?"

அவர் என்னையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தப் பொண்ணுங்க? ஆள் கிடைக்காம நான் இன்னும் யாரையுமே போடலீங்களே. இவரும் ஆள் வேணும்னு ஒண்ணும் கேக்கல... போன வாரம் இவரு மெஷின்லதானுங்க பீஸ் ஜாஸ்தி."